பழைய கிட்டாரை மாற்றலாமா, கூடாதா?

செகண்ட் ஹாண்டில் ஒரு ஆர்ச்டாப் கிட்டார் வாங்கியவருக்கு இரண்டு விதமான அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். "ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாதே, பழசு பழசாகவே இருக்கட்டும்" என்பார் ஒருவர். "பாலிஷைச் சுரண்டிட்டு கறுப்பு பெயிண்ட் அடி, ரெண்டு பிக்கப் வை, ஆளே மாறிடும்" என்பார் இன்னொருவர். கொடைக்கானல் மாதிரி ஊரில் இந்த இரண்டில் எதைக் கேட்டாலும் கிட்டார் பிழைக்காது. முதலாமவர் பேச்சைக் கேட்டால் அது சுவரில் தொங்கும். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் வெறும் பெட்டியாகிவிடும்.

ஆர்ச்டாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரண கிட்டாரின் மேல்பலகை தட்டையாக இருக்கும். ஆர்ச்டாப்பின் பலகை வயலினைப் போல நடுவில் மேடு கட்டியிருக்கும். அமெரிக்காவின் கலமாசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர் 1890களில் இப்படி மரத்தைக் குடைந்து கிட்டார் செய்தார். அவர் பெயரில் 1902-ல் கம்பெனி வந்தது. 1922-ல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த எல்-5 கிட்டாரில் நடுவே வட்ட ஓட்டைக்குப் பதிலாக, வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகள் இரண்டு இருந்தன. பிறகு ஜாஸ்காரர்கள் கையில் இந்த வகை கிட்டார் பிரபலமானது.

இதில் ஒரு முக்கியமான சங்கதி, குதிரை ஒட்டப்பட்டிருக்காது. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது பலகை மேல் நிற்கிறது. தந்தி முழுவதையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும், அது நின்ற இடமும் போய்விடும். அதனால்தான் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்பார்கள்.

இப்போது கொடைக்கானலுக்கு வருவோம். ஊர் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் மழையும் மூடுபனியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காய்ச்சல். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேல்பலகை உப்பினால் அதன்மேல் நிற்கும் குதிரையும் உயரும், தந்தி கழுத்தை விட்டு எழும்பும், அழுத்தினால் விரல் வலிக்கும். சுருங்கினால் தந்தி இறங்கி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். திண்டுக்கல்லின் கோடை வெயிலில் சரிபார்த்த கிட்டாரை வத்தலகுண்டு வழியாக மலையேற்றிக் கொண்டுபோனால், மழைக்காலத்தில் அது வேறு கிட்டார்!

ஆனால் இதே இடத்தில் ஆர்ச்டாப்புக்கு ஒரு சௌகரியமும் உண்டு. பெரும்பாலான ஆர்ச்டாப் குதிரைகளில் இரண்டு சின்னச் சக்கரங்கள் இருக்கும். விரலால் திருப்பினால் குதிரை ஏறும், இறங்கும். பருவத்துக்கு ஏற்ப வீட்டிலேயே சரிசெய்து கொள்ளலாம். சுருதி சரியில்லை என்றால் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. இந்த அளவுக்குக்கூடத் "தொடாதே" என்பவர்கள் அந்த வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தொட்டுத் திருத்துவதற்காகவே செய்யப்பட்ட வாத்தியம் அது.

நம் வீணையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும். மெழுகு தளர்ந்து சுருதி விலகினால் மறுபடி மேளம் கட்டுவார்கள். அதனால் வீணையின் பழமை கெட்டுவிட்டது என்று யாரும் அழுவதில்லை. கிட்டாரின் ஃப்ரெட்டும் அப்படித்தான். தேயும், மாற்ற வேண்டும். தந்தி, ஃப்ரெட், நட் எல்லாம் செருப்பின் அடிப்பாகம் மாதிரி. தேய்ந்ததை மாற்றுவது பழுது பார்ப்பது, அவ்வளவுதான்.

அப்படியானால் எது தப்பு? திரும்பி வர முடியாத வேலை. முதல் குற்றவாளி உப்புத்தாள். பழைய பாலிஷ் மெல்லியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு தடிமனாக வார்னிஷ் பூசினால் பலகை அதிர்வது குறையும், தேய்க்கும்போது மரமும் கொஞ்சம் போகும். இரண்டாவது, பசை. பழைய முறையில் கிட்டாரை வச்சிரப் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது விட்டுவிடும், அடுத்த முறை பிரித்து வேலை செய்யலாம். அந்த இடத்தில் அரால்டைட் போட்டால் அடுத்தவர் மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். மூன்றாவது, பிக்கப்புக்காக மேல்பலகையில் ஓட்டை போடுவது. குடைந்த பலகையில் ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். தந்திக்கு அருகில் உள்ள தடுப்புத் தகட்டில் தொங்கவிடும் பிக்கப் கிடைக்கும்போது பலகையை ஏன் அறுக்க வேண்டும்?

இதில் ஒரு சலுகை உண்டு. எல்லா ஆர்ச்டாப்பும் குடைந்து செய்ததல்ல. எஃப் துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். பிளைவுட் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது அழுத்தி வளைத்த பலகை. அதில் தைரியமாக முயற்சி செய்யலாம்.

"அப்போ பிரிஜ் பூஷண் காப்ரா செய்தது தப்பா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜோத்பூர்காரரான அவர் கிப்சன் சூப்பர் 400 என்ற உயர்ந்த ரக ஆர்ச்டாப்பில் சுருதித் தந்தி சேர்த்து, நட்டை உயர்த்தி, மடியில் கிடத்தி ஹிந்துஸ்தானி ராகம் வாசித்தார். ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மாவோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' 1967-ல் வந்தது. விஸ்வமோகன் பட் இன்னும் தூரம் போனார். ஆர்ச்டாப்பில் சுருதித் தந்திகளும் கூடவே அதிரும் தரப் தந்திகளும் பூட்டி மோகன வீணை என்று பெயர் வைத்தார். ரை கூடருடன் அவர் வாசித்த ஆல்பத்துக்கு 1994-ல் கிராமி விருது கிடைத்தது. நம் பக்கத்து மாண்டலின் சீனிவாசும் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி உள்ள மாண்டலினை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி உள்ள எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார்.

இவர்கள் யாரும் அழகுக்காக மாற்றவில்லை. கமகமும் மீண்டும் அந்த வாத்தியத்தில் வர மறுத்தன, வரவழைக்க மாற்றினார்கள். இசை கேட்டது, மரம் கொடுத்தது. இதுதான் அளவுகோல். எந்த மாற்றத்துக்கும் "இதனால் என்ன வாசிக்க முடியும், இதுவரை முடியாதது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் உளியைக் கீழே வைப்பது நல்லது.

மரம் என்றதும் இன்னொன்று. உடைந்த குதிரைக்குப் புதிய குதிரை செய்ய ஈட்டியோ கருங்காலியோ வேண்டும். ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே வந்தது. 2017-லிருந்து உலக வர்த்தகத்திலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-ல் விலக்கு கொடுத்தார்கள். கிட்டார் குதிரை உள்ளங்கை அளவுகூட அகலமில்லாத ஒரு துண்டு. உடைந்துபோன பழைய ஈட்டி நாற்காலியின் காலே போதும். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் மலையின் ஈரத்துக்கும் அது அவ்வளவாக அசையாது. பழனி மலையில் சோலைக்காடும் புல்வெளியும் இழந்தது போதும், கிட்டார் பெயரைச் சொல்லி இன்னொரு மரம் சாய வேண்டாம்.

கடைசியாக, ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? கொடைக்கானலில் 1845-லேயே அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினார்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். வருகிறவர்களும் போகிறவர்களுமாகவே இருக்கும் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் கிட்டாரும் கை மாறிக்கொண்டேதான் இருக்கும். இன்று அதை வைத்திருப்பவர் கடைசிச் சொந்தக்காரர் அல்ல. அவர் வாசிப்பதற்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அடுத்து வாங்குகிறவர் அதை மறுபடி தன் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடிகிற மாதிரி விட்டுவைப்பது அவர் கடமை. கழற்றின பழைய பிரடை, பழைய குதிரை, பழைய ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் பாதிக் கடமை முடிந்தது. மீதிப் பாதி, தினமும் எடுத்து வாசிப்பது :-)