மூடுவது முதலாளி, அலைவது நாமா?



சென்ற மாதம் நம் சங்க அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் நாலைந்து காகிதம். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் ஒவ்வொரு தினுசு. தகப்பனார் பெயரைப் பின்னால் போட்டு ஒன்று, முதலெழுத்தை முன்னால் போட்டு ஒன்று, ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராக்கி ஒன்று. "இதில் எது தம்பி நான்?" என்று கேட்டார். அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி பி.எப். டிரஸ்டை மூடிவிட்டது, பிறகு கேட்டையும் மூடிவிட்டது. 58 வயது முடிந்து பென்ஷனுக்கு 10-டி பாரம் போட்டால், பெயர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வருகிறது.

டிரஸ்ட் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டுப் பணத்தைச் சர்க்காரிடம் கட்டாமல், கம்பெனியே ஒரு டிரஸ்ட் வைத்து நடத்திக்கொள்ளலாம் என்று 1952-ஆம் வருஷத்துச் சட்டம் பெரிய முதலாளிமாருக்கு இடம் கொடுத்தது. நிபந்தனையும் போட்டது. சர்க்கார் அறிவிக்கும் வட்டிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முதலாளி தன் பையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். டிரஸ்ட் போர்டில் முதலாளி பக்கம் எத்தனை பேரோ, தொழிலாளி பக்கமும் அத்தனை பேர்.

பென்ஷன் கதை வேறு. 1995 நவம்பர் 16-இல் வந்த பென்ஷன் திட்டத்துக்கு, முதலாளி கட்டும் பங்கில் 8.33 சதவீதம் டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனியிலிருந்தும் சர்க்காருக்கே போகும். ஆக, பென்ஷன் பணம் சர்க்கார் கஜானாவில் இருக்கிறது. எந்தத் தேதியில் சேர்ந்தோம், எத்தனை நாள் சம்பளமில்லாமல் இருந்தோம் என்ற விவரமோ கம்பெனி பீரோவில் இருக்கிறது. வம்பு பிறப்பது இங்கேதான்.

மூன்று வருஷம் தொடர்ந்து நஷ்டம் காட்டினால் கம்பெனிக்கு இந்தச் சலுகை போய்விடும் என்பது நிபந்தனை. முதலாளியே வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அப்போது சர்க்கார் காகிதம் கேட்கிறது. கம்பெனித் தீர்மானம், டிரஸ்ட் போர்டின் தீர்மானம், தணிக்கையான கணக்கு, வாங்கி வைத்த கடன்பத்திரங்களின் பட்டியல், ஆள்வாரியாக இருப்புத் தொகை என்று வரிசையாகக் கேட்கிறது. கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்! அது நம் பணம். நம் சண்டை வேறு. பணக் கணக்கைப் பைசாவுக்குப் பைசா ஒத்துப் பார்க்கிறவர்கள், ஆள் கணக்குக்கு வந்ததும் முதலாளி கொடுத்த பட்டியலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் வந்த ஒவ்வொரு கேஸிலும் இதைத்தான் பார்த்தோம். பட்டியலில் உள்ள தொழிலாளியைக் கூப்பிட்டு, "இது நீதானா? இந்தத் தேதி சரிதானா?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் விட்டுப்போனால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம். ஒருவர் 2014 கடைசியில் சேர்ந்து 11 வருஷம் உழைத்தார். கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய். சம்பளத்தை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,200 ரூபாய் பென்ஷன், சாகும் வரை. அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. பட்டியலில் இரண்டு வருஷம் காணாமற்போனால் மிச்சம் 9. பத்து வருஷம் நிரம்பாதவனுக்குப் பென்ஷனே கிடையாது. ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கம்பெனிக் குமாஸ்தாவின் பேனா தவறினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது.

ஊரில் அம்மன் கொடைக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கினோமே, அதுவும் சம்பளமில்லாத நாளாக ஏறியிருக்கும். ஏறட்டும், நியாயம். ஆனால் பதினைந்தை ஐம்பது என்று எழுதினால் யார் பார்ப்பது?

"பெயரைச் சரியாக வைத்துக்கொள்ளாதது உங்கள் குற்றம்" என்று ஒரு அதிகாரி நம் முகத்துக்கு நேராகவே சொன்னார். தமிழனுக்கு ஏது ஐயா சர்நேம்? நமக்குள்ளது ஒரு பெயரும் தகப்பனார் முதலெழுத்தும். மும்பையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று டைம் ஆபீஸில் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். எழுதியதைப் படித்துக் காட்டினார்களா?

கம்ப்யூட்டரில் நாமே திருத்தலாம் என்கிறார்கள். 2025 ஜனவரியில் அப்படி ஒரு தளர்வு வந்தது உண்மைதான். யாருக்கு? 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் ஒத்துப்பார்த்து யு.ஏ.என். நம்பர் வாங்கியவருக்கு. அதற்கு முன்னால் சேர்ந்த பழைய ஆட்கள், அதாவது பென்ஷன் வயதுக்கு வந்து நிற்பவர்கள், முதலாளியின் ஒப்புதலோடு வர வேண்டுமாம். முதலாளி எங்கே? கேட்டில் பூட்டுத்தான் தொங்குகிறது. பூட்டிடம் கையெழுத்து வாங்கவா?

சர்க்கார் ஊழியருக்கு ஒரு விதி உண்டு. சர்வீஸ் புத்தகத்தை வருஷம் ஒருமுறை அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். (ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தெரியும். இருந்தாலும் விதி என்று ஒன்று இருந்தால் சண்டை போட இடம் இருக்கிறது.) அதையே மில், பட்டறைத் தொழிலாளிக்கும் கேட்கிறோம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளமில்லாத நாள், ஆதாரில் உள்ளபடி பெயர், இந்த நான்கும் எழுதிய தாளைத் தொழிலாளி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஒரு நகல் அவர் கைக்கு வரட்டும். அது வராத வரை எந்த டிரஸ்டையும் மூடச் சர்க்கார் சம்மதிக்கக் கூடாது. மூடும்வரை முதலாளிக்குச் சர்க்காரிடம் காரியம் இருக்கிறது, பிடி இருக்கிறது. மூடிய பிறகு என்ன பிடி?

நம்மிடமும் தவறு உண்டு, மறைக்கவில்லை. அந்தப் பெரியவரின் கம்பெனி டிரஸ்டை மூடச் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது, "முதலாளி கையில் இருப்பதைவிடச் சர்க்கார் கையில் இருப்பது நல்லது, போடுங்கள்" என்று கேட்டில் நின்று சொன்னவர்கள் நாம்தான். சொன்னது தப்பில்லை. பதிலுக்கு ஒரு தாள் கேட்காமல் விட்டோமே, அதுதான் தப்பு. இருநூறு கையெழுத்து நம் கையில் இருந்த நேரம் அது.

இன்னும் டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனிகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழைய சம்பளச் சீட்டு, கேட் பாஸ், வேலை உத்தரவு எதையும் எடைக்குப் போட வேண்டாம். தாய்மார்கள் தகரப்பெட்டியின் அடியில் தேடிப் பாருங்கள்; நாமினி தாளில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சங்க அறைக்கு வாருங்கள். ஆதார் அட்டையும் இரண்டு நகலும் வேண்டும். பெரியவரின் மனுவும் அன்றுதான் எழுதுகிறோம். அவரோடு வேலை பார்த்தவர்கள் சாட்சிக் கையெழுத்துக்கு அவசியம் வர வேண்டும்.