ரூம் கட்டாதீங்க, கூண்டு வண்டி கட்டுங்க

இயற்கை விவசாயத்துக்கு வரணும்னு ஆசைப்பட்டு நிலம் வாங்குகிற நண்பர்கள் முதலில் செய்கிற வேலை என்ன தெரியுமா? ரூம் கட்டுவது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு வருடம் பார்ப்பதற்குள் மூலையில் அஸ்திவாரம் தோண்டிவிடுகிறார்கள். கேட்டால், "ராத்திரி தங்கணும்ல சார்?" என்கிறார்கள். தங்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அதற்குச் செங்கலும் சிமென்ட்டும் வேண்டாம், டயர் வண்டி அச்சின் மேல் மரத்தில் ஒரு கூண்டு போதும் என்பதுதான் என் கட்சி.

34 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் திண்டுக்கல் பக்கம் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து கொத்தனார் வாய் திறப்பதில்லை. 10க்கு 10 அறை என்றால் 2 லட்சம். அதை 10 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 4,250 ரூபாய். வட்டி மட்டுமே 55,000 ரூபாயைத் தொடும். ரசாயனத்திலிருந்து மாறுகிற நிலம் முதல் இரண்டு மூன்று வருடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். விளைச்சல் படுக்கும், கைக்காசு கரையும். அந்த நேரத்தில்தான் இந்தத் தவணையும் வந்து நிற்கும். மாடு வாங்கியிருந்தால் சாணியாவது போடும். ரூம் என்ன போடும்? கட்டடத்தில் பணத்தை முடக்கித் தோற்றுவிட்டு, விவசாயத்தின் மேல் பழி போட்டு ஊருக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் சங்கடம். அடுத்தவர் நிலத்தில் அவர் எப்படிச் சுவர் எழுப்புவார்? நிலத்துக்காரர் சம்மதித்தாலும், குத்தகை முடிகிற அன்றைக்குச் சுவரை உருட்டிக்கொண்டு போக முடியுமா? மூன்று நான்கு வருடம் தொழுவுரம் போட்டு மண்ணைத் தேற்றியவர், மண்ணையும் விட்டுவிட்டு ரூமையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு போக வேண்டியதுதான். கூண்டு வண்டியாக இருந்தால் மாட்டைப் பூட்டி அடுத்த நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். சொந்த நிலம் இல்லாத இளைஞர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

காவல் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கணும்

என் மூன்றரை ஏக்கர் மூன்று துண்டாகக் கிடக்கிறது. நம்மில் பலருக்கு இப்படித்தான். ஒரு துண்டில் கடலை முற்றும்போது காட்டுப்பன்றி அங்கே வரும். இன்னொன்றில் சோளம் பால் பிடிக்கும்போது மயிலும் கிளியும் விடியற்காலையில் அங்கே இறங்கும். மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்தால் கிணற்றடியில் இருக்க வேண்டும். இத்தனை இடத்துக்கும் ஒரே மூலையில் கட்டின ரூம் என்ன செய்யும்? அங்கே படுத்துக்கொண்டு டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான். பயிர் எங்கே முற்றுகிறதோ அங்கே படுக்கை நகர வேண்டும்.

இது புது யோசனை இல்லைங்க. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து காவிரிப் படுகைக்குக் கிடை போட வருகிற கீதாரிகள் வீட்டையா சுமந்து வருகிறார்கள்? ஆடு எங்கே மடங்குகிறதோ அங்கேதான் அவர்கள் படுக்கை. இங்கிலாந்தில் ஆடு ஈனும் பருவத்தில் இடையர்கள் சக்கரம் வைத்த மரக்குடிலை மேய்ச்சல் நிலத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சாலட்டின் என்ற விவசாயி கோழிக்கூண்டையே சக்கரத்தில் வைத்து, மாடு மேய்ந்த இடத்துக்குப் பின்னாலேயே நகர்த்துகிறார். எரு நிலம் முழுக்கப் பரவுகிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்த் தங்க, இப்படி மர டிரெய்லர்களை வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் நிறைய. அவர்கள் பொழுதுபோக்குக்குச் செய்வதை நாம் காவலுக்குச் செய்துகொள்வோம்.

எப்படிச் செய்வது

அடிப்பாகத்துக்குப் பழைய டயர் மாட்டுவண்டியின் அச்சும் சக்கரமும் போதும். 16 அங்குல ஜீப் டயர் போட்ட அச்சு, வரப்பையும் வாய்க்கால் சரிவையும் சிரமமில்லாமல் தாண்டும். அகலமான காற்று டயர், பழைய இரும்புப் பட்டாச் சக்கரம் போல மண்ணை வெட்டிக்கொண்டு இறங்காது.

மேல் கூண்டு 8 அடி நீளம், 5 அடி அகலம், உள்ளே ஐந்தரை அடி உயரம். இதற்கு மேல் உயர்த்தாதீர்கள். நின்று நடமாட வயல் இருக்கிறது. கூண்டு உட்காரவும் படுக்கவும்தான். உயரம் கூடினால் வரப்பில் ஏறும்போது சாயும். ஆடிக் காற்றிலும் ஆபத்து.

சட்டத்துக்கு வேம்பு நல்லது, பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் பச்சை மரத்தை அறுத்து அப்படியே அடிக்கக் கூடாது. பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமான நிழலில் உலர விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு. அவ்வளவு பொறுமை இல்லையென்றால், இடிக்கிற பழைய ஓட்டு வீடுகளில் கிடைக்கிற சட்டங்களை வாங்குங்கள். வைரம் பாய்ந்த பனங்கை கிடைத்தால் விடாதீர்கள், கரையான் அதைத் தொடாது. அதற்காக நிற்கிற பனையை வெட்டிவிடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு சொல்லிவிட்டது.

சுவருக்கு 9 மி.மீ. ஒட்டுப்பலகை. 8க்கு 4 அடிப் பலகை ஒன்று சுமார் 16 கிலோ இருக்கும். விலை குறைந்த சாதா ரகம் மழையில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயுவும் அதிகம் கசியும். வயலில் விஷம் அடிக்காத நாம் படுக்கிற இடத்தில் அதைச் சுவாசிப்பானேன்? ஐ.எஸ். 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்கும் ரகம் வாங்குங்கள். சட்டம், பலகை, தகரக் கூரை எல்லாம் சேர்த்துக் கூண்டு 200 கிலோவை ஒட்டி வரும். ஒரு ஜோடி மாட்டுக்கு இது ஒரு பாரமே இல்லை.

இணைப்புகளை வெறும் ஆணியில் விடாதீர்கள். கரடுமுரடான தடத்தில் கூண்டு நாள்முழுக்க முறுக்கிக்கொண்டே போகும், ஆணி கக்கிவிடும். துளை போட்டுக் கழுந்து இறக்கி, மூலைகளில் வாஷர் வைத்து போல்ட் போட வேண்டும். இதெல்லாம் வண்டி செய்த ஆசாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பாரம் பின்பாரமும் அவருக்குத் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். டிராக்டரில் இழுத்தால் வண்டி வால் ஆட்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முன்னால் கொக்கியில் அழுந்துகிற மாதிரி அச்சை வைத்தால் சரியாக இருக்கும். நிறுத்தின பிறகு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்னும் பின்னும் முட்டு வைத்த பிறகுதான் ஏற வேண்டும். காற்றுக் காலத்தில் நான்கு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள்.

மரத்துக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசுகிற வழக்கம் இருக்கிறது. படுக்கிற இடத்துக்கு அது ஆகாது. ஆளிவிதை எண்ணெய் போதும். ஆனால் எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

எதிரெதிர்ச் சுவரில் வலை போட்ட காற்றுவழி கட்டாயம். அதை எந்தக் குளிரிலும் அடைக்கக் கூடாது. உள்ளே அடுப்போ கரிச்சட்டியோ கூடவே கூடாது. 1874-இல் வந்த தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்' நாவலில், இப்படிச் சக்கரக் குடிலில் நெருப்பு மூட்டி, காற்றுவழியைத் திறக்காமல் தூங்கிவிடுகிற இடையன் செத்துப் பிழைக்கிறான். கதைதான் என்றாலும், கரிப்புகையில் மூடின அறை என்ன செய்யும் என்பது கதையல்ல.

கேட்கிற கேள்விகள்

"எத்தனை வருடம் உழைக்கும்?" என்கிறார்கள். கூரையை ஓர் அடி வெளியே நீட்டி, வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் பூசி, மரம் மண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். ஒரு பலகை கெட்டால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம்.

"சட்டச் சிக்கல் வருமா?" வயலுக்குள் நகர்த்துகிற வரை கவலை இல்லை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்றாலே டிரெய்லரும் அதில் அடக்கம். டிராக்டரிலோ ஜீப்பிலோ மாட்டிப் பொதுச் சாலையில் ஏற்றினால் பதிவு வேண்டும். மாடு பூட்டிய வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. எதில் இழுத்தாலும், ஓடும்போது உள்ளே ஆளை உட்கார வைக்காதீர்கள்.

"செலவு?" எனக்குப் பழைய அச்சு, பலகை, தகரம், ஆசாரி கூலி எல்லாம் சேர்ந்து 70,000 ரூபாயை ஒட்டி ஆனது. ரூமுக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு. விவசாயத்தை விட நேர்ந்தாலும் அடுத்த விவசாயிக்கு விற்கலாம். அடுத்தவர் நிலத்தில் கட்டின ரூமை யாருக்கு விற்பது?

குடும்பத்தோடு நிலத்திலேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கு வீடு வேண்டும்தான். அவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் தங்குகிறவர்களுக்கு அது வீண். ஆளுக்கொன்று செய்ய முடியாவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று செய்யுங்கள். யார் பயிர் முற்றுகிறதோ அவர் காட்டில் நிற்கட்டும். வண்டி செய்யத் தெரிந்த ஆசாரிகள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வண்டி வேலை நின்றுபோனதால் கதவுக்கும் கட்டிலுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அந்த வேலை தெரிந்த பிள்ளைகள் அடுத்த தலைமுறையில் இருப்பார்களா என்பது, இன்றைக்கு நாம் கொடுக்கிற வேலையைப் பொறுத்ததுதான்.