புதையுண்ட குண்டை முதலில் பார்ப்பது யார்?

2023 செப்டம்பர் 26ஆம் தேதி. சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா வட்டாரத்தில் 4,000க்கும் அதிகமானோர் வீட்டையும் கடையையும் பூட்டிவிட்டு வெளியேறினர். கொண்டோமினியம் கட்டுமானத் தளத்தில் சில நாள்களுக்கு முன்பு அகப்பட்ட 100 கிலோ எடையுள்ள இரண்டாம் உலகப் போர்க் குண்டுதான் காரணம். அன்று பிற்பகலில் சிங்கப்பூர் ஆயுதப் படையின் வெடிபொருள் அகற்றும் பிரிவு, இரண்டு முறை வெடிவைத்து அதை அழித்தது.

சினிமாவில் வருவதுபோல் சிவப்புக் கம்பியா, நீலக் கம்பியா என்று வியர்த்துக்கொண்டு நிற்கும் வேலையல்ல இது. இந்தப் பிரிவு முதலில் கேட்கும் கேள்வி, குண்டை நகர்த்தலாமா கூடாதா என்பதே. 2016ல் ரிவர் வேலி வட்டாரத்தில் கிடைத்த 100 கிலோ குண்டைப் பத்திரமாக அப்புறப்படுத்த முடிந்தது. 2019ல் அதே வட்டாரத்தின் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் கிடைத்த 50 கிலோ குண்டைக் கிடந்த இடத்திலேயே வெடிக்கச் செய்தனர். புக்கிட் தீமாவிலும் குண்டை நகர்த்துவது ஆபத்து என்பதால் மக்கள் நகர வேண்டியதாயிற்று.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது குண்டு வீசத் தொடங்கின. 1942 பிப்ரவரியில் புக்கிட் தீமாவில் கடும் சண்டை. பின்னாளில் நேச நாட்டு விமானங்களும் வந்து குண்டு போட்டன. வெடிக்காதவை மண்ணுக்குள் இறங்கின. துரு ஓட்டைத் தின்றாலும் உள்ளே மருந்தின் வீரியம் போவதில்லை. விசைப்பகுதி எப்போது என்ன செய்யும் என்றுதான் சொல்ல முடியாது.

ஆனால் ராணுவம் வருவதற்கு முன்பே குண்டுக்கு அருகில் நிற்பவர் மண் தோண்டும் ஊழியர். சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் அவர் பெரும்பாலும் தமிழகத்தில் இருந்தோ பங்ளாதேஷிலிருந்தோ வந்தவர். வேலை தாமதமாகுமே என்று அவர் இரும்பை ஓரம் தள்ளிவிட்டால் எந்த நிபுணராலும் பயனில்லை. காலை நேரப் பாதுகாப்பு விளக்கத்தில் இதைத் தமிழிலும் வங்காளத்திலும் படம் காட்டிச் சொல்வது முதலாளிகளுக்குப் பெரிய செலவல்ல.

மலேசியாவில் இப்பணியைப் பெரும்பாலும் போலிஸ் படையின் வெடிகுண்டு அழிப்புப் பிரிவு செய்கிறது. செம்பனை மறுநடவுக்குத் தோண்டும்போதோ ஆற்றோரத்திலோ துருப்பிடித்த உருளை தென்பட்டால், பழைய இரும்புக் கடையில் எடைபோட எடுத்துச் செல்லக் கூடாது. கழுவிப் பார்க்கவும் கூடாது. பிள்ளைகளை விலக்கிவிட்டு, தள்ளி நின்று 999ஐ அழைக்க வேண்டும். இரு நாடுகளிலும் எண் அதுவே.