தலைவர்களிடம் கேள்வி கேட்பது நிருபரின் உரிமையா, சலுகையா? சட்டம் சொல்வது என்ன?

2019 மே 17. மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டப் பிரசாரம் ஓயும் நேரம். டெல்லி பாஜக தலைமை அலுவலகத்தில் செய்தியாளர் சந்திப்பு. பிரதமர் மோடி வந்தார், பேசினார். அவரை நோக்கிக் கேள்வி வந்ததும், கட்சித் தலைவர் அமித் ஷாவே பதில் சொல்வார் என ஒதுங்கிக்கொண்டார்.

பிரதமர் இப்படிச் செய்யலாமா? சட்டப்படி செய்யலாம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அரசியலமைப்பில் என்ன இருக்கு?

நம் அரசியலமைப்பில் பத்திரிகை சுதந்திரத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. எல்லாக் குடிமக்களுக்கும் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சு சுதந்திரத்துக்குள்ளேயே அதுவும் அடக்கம். 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழுக்கு அன்றைய மெட்ராஸ் அரசு விதித்த தடையை, 1950-ல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதாவது, எழுதவும் அதை மக்களிடம் கொண்டுசேர்க்கவும் உரிமை உண்டு.

பதில் சொல்லணும்னு கட்டாயமா?

இல்லை. தூக்குத் தண்டனைக் கைதிகளான பில்லா, ரங்காவைப் பேட்டி எடுக்க அனுமதி கேட்டு பத்திரிகையாளர் பிரபா தத் தொடர்ந்த வழக்கில், 1981-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பேட்டிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால், தகவல் பெறும் உரிமை வரம்பற்றது அல்ல, எதிரில் இருப்பவர் பேசச் சம்மதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

கேட்டவரைத் தண்டிக்கலாமா?

2018 நவம்பரில் அதிபர் டிரம்ப்புடன் வாக்குவாதம் செய்த சிஎன்என் நிருபர் ஜிம் அகோஸ்டாவின் வெள்ளை மாளிகை அனுமதி அட்டை பறிக்கப்பட்டது. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை எனச் சொல்லி, அதைத் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால், 'அமெரிக்க வளைகுடா' என்ற புதுப்பெயருக்கு மாற மறுத்த ஏபி செய்தி நிறுவனத்தின் கதை வேறு. 2025 ஏப்ரலில் அதற்குச் சாதகமாக வந்த உத்தரவின் பெரும்பகுதியை, ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஓவல் அலுவலகம் போன்ற இடங்களில் யாரை அனுமதிப்பது என்பதை அதிபரே தீர்மானிக்கலாம் என்றது.

தண்டனை அரசிடமிருந்துதான் வரணும் என்றில்லை. 2023 ஜூனில் வாஷிங்டனில் மோடியிடம் சிறுபான்மையினர் உரிமை பற்றிக் கேட்ட பெண் நிருபரை இணையத்தில் பலர் வசைபாடினார்கள். வெள்ளை மாளிகையே அதைக் கண்டித்தது.

வேற வழி இல்லையா?

இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் கேட்கலாம். நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் உண்டு. ஆனால் 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில், கொரோனாவைக் காரணம் காட்டி அதுவும் ரத்தானது.

பிரதமர் பேட்டியே தருவதில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 தேர்தலின்போது பல ஊடகங்களுக்குக் கொடுத்தார். வித்தியாசம் எதில்? தனிப் பேட்டியில் யாரிடம் பேசுவது என்பதைத் தலைவர் முடிவு செய்கிறார். திறந்த செய்தியாளர் சந்திப்பில் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். மழுப்பலான பதிலை மடக்கும் அந்த அடுத்த கேள்வியை எந்தச் சட்டமும் வாங்கித் தராது.

ஆக, கேட்பது உரிமை. பதில் சொல்வது தலைவரின் விருப்பம். பதில் சொல்லாத தலைவருக்கு சட்டத்தில் தண்டனை இல்லை. அதற்கான கணக்கை வாக்காளர்தான் வைத்திருக்க வேண்டும்.