வெளியே தெரியாத காயம்



திருவண்ணாமலையின் ரமணாசிரமப் பகுதிக்குச் சென்றால், மன அமைதியை நாடிப் பல நாடுகளிலிருந்தும் வந்தோரைக் காணலாம். மனத்தை அடக்குவது பற்றி நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். மூளை அடிபட்டால் மனம் என்ன பாடுபடும் என்பதை மட்டும் நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை.

டேவ் மிர்ரா அமெரிக்க நாட்டினர். மிதிவண்டியோடு உயரே பாய்ந்து, அந்தரத்தில் சுழன்று இறங்கும் சாகச விளையாட்டில் தலைசிறந்து விளங்கியவர். எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் 24 பதக்கங்கள் வென்றார். அவற்றுள் 14 தங்கம். மனைவியும் இரு பெண் மக்களும் அவருக்கு இருந்தனர். 2016 பிப்ரவரி 4ஆம் நாள், தம் 41ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இத்தனை புகழ் பெற்றவருக்கு என்ன குறை என்று பலரும் திகைத்தனர். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், அதில் 'சி.டி.இ.' என்னும் நோய் இருந்ததாக அவ்வாண்டு மே மாதத்தில் அறிவித்தனர்.

தலையில் மீண்டும் மீண்டும் அடி விழும்போது, மண்டையோடு உடையாவிட்டாலும் உள்ளே மூளை குலுங்குகிறது. ஆண்டுகள் பல சென்றபின், 'டௌ' என்னும் புரதம் மூளையில் திட்டுத் திட்டாகப் படிகிறது. மறதி, கடுஞ்சினம், மனச்சோர்வு ஆகியவை தலைகாட்டுகின்றன. குத்துச்சண்டை வீரர்களிடம் இத்தகைய சீர்கேட்டை 1928இலேயே மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். 2002இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் இதனைக் கண்டவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவில் பிறந்த கத்தோலிக்க மருத்துவர். இறந்த பின்னரே இந்நோயை உறுதியாக அறிய முடிகிறது. அடிபட்டோர் அனைவரும் தற்கொலையை நாடுவதில்லை. தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பதும் அரிது. ஆயினும், துயருற்ற ஒருவரை 'விசுவாசம் அற்றவர்', 'கோழை' என்று தூற்றுவது எத்துணைக் கொடுமை என்பதை இது உணர்த்துகின்றது.

வேண்டுமென்றே உயிர் மாய்த்துக்கொண்டோருக்கு 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அத்தடை இல்லை. கடும் மனநோயும் வேதனையும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது; அவர்களுக்காகச் செபிக்கவும் அழைக்கின்றது. திருச்சபையே இரங்கும்போது, இழவு வீட்டின் வாசலில் நின்று தீர்ப்பிட நாம் யார்?

நம் ஊர்களிலும் காளை விடும் விழா உண்டு, கபடி உண்டு, மோட்டார் சைக்கிளில் சாகசம் காட்டும் இளைஞரும் உண்டு. தலையில் அடிபட்ட பிள்ளையை 'ஒன்றுமில்லை, எழுந்து ஆடு' என்று அன்றே மீண்டும் களத்திற்கு அனுப்பாதீர்கள். வாந்தி, மயக்கம், தணியாத தலைவலி, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது முற்றிலும் தடுப்பதில்லை.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அப்பிள்ளை உறக்கமின்றி, எரிந்து விழுந்து, ஒதுங்கி இருந்தால், அதனைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள். அருகில் அமருங்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது. நெஞ்சின் பாரம் குறையவே வழி பிறக்கும். 14416 என்ற எண்ணை அழைத்தால் அரசின் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கும். செபமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். இரண்டும் இறைவன் தந்தவையே. கை முறிந்தால் கட்டுப் போட ஓடுகிற நாம், வெளியே தெரியாத இக்காயத்திற்கும் அவ்விதமே ஓடுவோமாக.