தைராய்டுதானே என்று விட்டோம்

"தைராய்டுதானே, ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்." இப்படிச் சொல்லிப் பழகிய நாம், அந்த ஒரு மாத்திரையையாவது ஒழுங்காகப் போடவிட்டோமா? வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி நேரமாவது காபி குடிக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் முதலில் எழுந்து எல்லாருக்கும் காபி கலக்கும் அம்மாவுக்கு அந்த அரைமணியை நாம் கொடுக்கவில்லை. ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் அவர் மாத்திரையை நிறுத்தினார். மாத்திரையால்தானே நார்மல் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றபோது வயசாகிறது என்றோம். முகமும் காலும் வீங்கியபோது உப்பைக் குறைக்கச் சொன்னோம்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இதயத்துடிப்பு மந்தமாகிறது. தசை சுருங்கும் வலு குறைகிறது. சுருங்கிய தசை தளர்ந்து அடுத்த ரத்தத்தை வாங்கிக்கொள்ளவும் தாமதமாகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. சிலருக்கு இதய உறைக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. ஹார்மோன் மிகுந்தாலோ படபடப்பு. துடிப்பின் தாளமே குலைந்து, ஓயாமல் அடித்து இதயம் களைத்துப்போகிறது. இது புதுச் செய்தியும் அல்ல. ஹெர்மன் சோண்டெக் என்ற ஜெர்மானிய மருத்துவர், தைராய்டு குறைவால் விரிந்துபோன இதயங்களைப் பற்றி 1918இலேயே எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவை பழைய அளவுக்குத் திரும்பியதையும் அவர் கண்டார். இதயச் செயலிழப்பில் மீண்டு வரக்கூடிய வகை இது. அதையும் கவனிக்காமல் விட்டோம் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

சர்க்கரை விஷயத்திலும் அப்படியே. கால் புண்ணுக்கும் கிட்னிக்கும் பயந்தோம். இதயம் என்றால் அடைப்பு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்றதும் நிம்மதியாக வீடு திரும்பினோம். அடைப்பே இல்லாமலும் சர்க்கரை இதயத் தசையை விறைக்கச் செய்யும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1974இல் சொன்ன கணக்கு இது: சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு.

மருத்துவம் பார்க்கும் நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. சுரப்பிக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர். இரண்டு சீட்டும் ஒரே மஞ்சப்பையில் கிடந்தும் யாரும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை. இதயத் தாளத்தைச் சீராக்கத் தரும் அமியோடரோன் மாத்திரையின் மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அது தைராய்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அதைச் சாப்பிடுகிறவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். எழுதியவரும் மறந்தார், வாங்கிக்கொடுத்த நாமும் கேட்கவில்லை.

அக்கறை என்று நினைத்துச் செய்ததிலும் தவறினோம். இதய நோயுள்ள முதியவர்களுக்குத் தைராய்டு மாத்திரையை 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுவலியே வரலாம். பக்கத்து வீட்டில் 100 போடுகிறார்கள் என்று, டாக்டரைக் கேட்காமல் பாட்டிக்கும் 100 வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.