நெஞ்சு நமது, லாபம் யாருக்கு?

"ஒரே மண்டலத்தில் க்ஷயம் ஓடும்! உடலைச் சுடும் இங்கிலீஷ் மருந்தை இன்றே நிறுத்துங்கள்!" மில் வாசலில் கொடுக்கப்படும் நோட்டீஸ் இப்படிக் கூவுகிறது. தோழர்களே! நாங்கள் காசநோய் கண்டவர்கள். பஞ்சுத் தூசியிலும் கரும்புக் காட்டிலும் உழைத்து, கோழையில் ரத்தம் பார்த்து, மாத்திரை விழுங்கி வருகிறவர்கள். எங்களில் சிலர் அந்த நோட்டீஸை நம்பிப் போனவர்கள். வெளியே நின்று உபதேசிக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் போனோம்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. அங்கே "தள்ளி நில்" என்கிறார்கள். வைத்தியரோ உட்காரச் சொல்லி, நாடி பிடித்து, பிள்ளைகள் எத்தனை என்று விசாரிக்கிறார். இந்த மரியாதையைச் சர்க்கார் ஆஸ்பத்திரி இலவசமாகத் தரட்டுமே! யார் தடுத்தார்கள்?

ஆனால் மரியாதை வேறு, மருந்து வேறு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் விடும், இருமல் தணியும், பசி எடுக்கும். அந்தச் சமயம் பார்த்துச் செந்தூரம் வருகிறது. குணம் தந்தது மாத்திரை, பெயர் செந்தூரத்துக்கு! ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். அது மருந்தின் நிறம், கெடுதல் அல்ல. வைத்தியரோ "பார், ரத்தம் கொதித்து இறங்குகிறது" என்று பயமுறுத்துகிறார். மாத்திரை நிற்கிறது. நெஞ்சில் பதுங்கிய கிருமி மறுபடி பெருகுகிறது, மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறுகிறது. ஆறு மாதத்தில் தீர வேண்டிய நோய் கடுமையான, நீண்ட சிகிச்சை கேட்கிறது. இருமும் வீட்டில் குழந்தைக்கும் தொற்றுகிறது. சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்தும் விற்கிறார்கள். பசியெடுத்து எடை ஏறும், உள்ளே நோய் பரவும்.

எங்களில் ஒருவர் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து மூன்று மண்டலம் செந்தூரம் தின்றார். நான்காவது மண்டலத்துக்கு அவர் இல்லை. வைத்தியர் அதே கடையில் இருக்கிறார்.

நாட்டு மருந்தெல்லாம் பொய் என்கிறோமா? இல்லை. ஆடாதொடை கோழையை இளக்கும். அதிலுள்ள வாசிசினிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே பிறந்தது. ஆனால் அது க்ஷயத்தைத் தீர்க்கும் என்று எவரும் நோயாளிகளிடம் சோதித்து நிரூபிக்கவில்லை.

சோதனை என்றால் என்ன? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியம், ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மலைக்காற்று இல்லாத ஏழைக்கு க்ஷயம் தீராது என்ற கட்டுக்கதையைச் சென்னை ஏழைகளே உடைத்தார்கள்! எந்த லேகியக்காரராவது இப்படி நூறு பேரை எண்ணிக் காட்டியதுண்டா?

அதற்காகச் சாப்பாடு வேண்டாம் என்றல்ல. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தபோது, அவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதம் குறைந்தது. கூலியை உயர்த்து என்று கேட்பதும் க்ஷயத்துக்கு எதிரான போராட்டம்தான்.

க்ஷயத்தைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு சட்டமே தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. நோட்டீஸோ பகிரங்கமாக வருகிறது! சர்க்காரின் லட்சணத்தையும் பாருங்கள். 2024 மார்ச்சில் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய சர்க்கார் சொல்லிவிட்டது. மருந்து ஜன்னலிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவனைத்தான் லேகியக் கடை கைகூப்பி வரவேற்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் க்ஷயத்துக்கு நீடித்த நோய்க்கால உதவித்தொகை உண்டு. கான்டிராக்ட் தொழிலாளியின் பெயரைப் பதியாமலே ஏய்க்கும் முதலாளிகளால் அவனுக்கு அது கிட்டுவதில்லை. வயல் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யே இல்லை.

கோழைப் பரிசோதனைக்கும் மருந்து வாங்கவும் போகிற நாளுக்குக் கூலியோடு லீவு கேட்டு நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. நோட்டீஸ் மட்டும் சம்பள நாள் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுகிறது.